நாளை என்ன என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்

யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு விஷயத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. முன்பள்ளி ஆசிரியை. கணவர் மேசன். மகனுக்கு 19 வயது. உயர்தரப் பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. மகள் தரம் 10 படிக்கிறாள். சிறுவயது முதல் தேவாலயத்தோடு வளர்ந்தவர். "சின்ன விஷயத்தைக்கூடக் கடவுளிடம் கேட்காமல் செய்யக்கூடாது" என்று ஒரு ஜெபக்கூட்டத்தில் சொல்லக் கேட்டதிலிருந்து, காலையில் கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் படும் வசனத்தை அன்றைய உத்தரவாக எடுத்துக்கொள்கிறார். முதலில் நாளுக்கு ஒரு தடவைதான். இப்போது சுன்னாகம் சந்தைக்குப் போவதா, மகளை ரியூசனுக்கு அனுப்புவதா, சீட்டுக் காசை இந்த மாதம் எடுப்பதா என்று எல்லாவற்றுக்கும் திறக்கிறார். வசனம் விளங்காவிட்டால் மறுபடி திறக்கிறார். சில நாள் இரவு இரண்டு மணிக்கும் எழும்புகிறார்.

இதற்கிடையில், மகனைக் கனடாவுக்கு அனுப்பித் தருவதாக ஏஜென்சிக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். மொத்தம் 55 லட்சம், முற்பணம் 20 லட்சம். சகோதரியின் சீதனக் காணி மூன்று பரப்பை வைத்துக் காசு தரவும் ஒருவரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். "காணி உங்களுடைய பெயரில்தானே இருக்கு, உங்களுடைய கையெழுத்துப் போதும், உங்கள் கணவரிடம் பிறகு சொல்லலாம்" என்றாராம். ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, "இந்த வருடம் முடியுமுன் உன் மகனின் பாதம் அந்நிய மண்ணை மிதிக்கும்" என்று தீர்க்கதரிசனம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்தால், "நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும்" விட்டுப் புறப்படு என்று ஆபிரகாமுக்குச் சொன்ன வசனம். கணவர் தயங்குகிறார். "மீன் வாங்குவதற்கெல்லாம் கடவுளைக் கரைச்சல்படுத்தாதே" என்றும் ஒரு நாள் கோபித்திருக்கிறார்.

தன் பிரஷர் குளிசையை இரண்டு மாதமாக நிறுத்தியிருப்பதையும் ஒரு வரியில் சொல்கிறார். நம்புகிறவளுக்குக் குளிசை எதற்கு என்று தோன்றியதாம். கடைசியில் இப்படிக் கேட்கிறார்: "எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டேன் என்றுதான் சொல்கிறேன். அப்படியென்றால் ஏன் நித்திரை வருகுதில்லை? என்னுடைய விசுவாசம் குறைவா? கையெழுத்து வைக்கட்டா, விடட்டா?"

அன்புச் சகோதரிக்கு,

நித்திரை வராதது விசுவாசக் குறைவு இல்லை. 55 லட்சம் ரூபாய், மகனின் பிரிவு, கணவருக்குத் தெரியாமல் ஒரு கையெழுத்து, இவ்வளவையும் தனியாக மனதில் வைத்திருக்கிற எவருக்கும் நித்திரை வராது. அதை ஒரு பாவமாகக் கணக்கு வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் 1995 பற்றிய பகுதி. யுத்தம் நெருங்கி வந்த அந்த ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் ஒரேயடியாக வெளிக்கிட்டது. இலட்சக்கணக்கான சனம், மழை, நாவற்குழிப் பாலத்தில் அடியெடுத்து வைக்க இடமில்லாத நெரிசல். உங்களுக்கு அப்போது 13 வயது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், திரும்பினால் வீடு இருக்குமா, ஒன்றும் தெரியாது. அந்த வயதில் அந்த இரவைக் கடந்தவர்கள் பலரோடு நான் கதைத்திருக்கிறேன். நடுத்தர வயதிலும் "என்ன நடக்கும் என்று தெரியாது" என்ற நிலை வந்தாலே அவர்களுக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கும். எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்துவிட வேண்டும் என்ற தவிப்பு வரும். உங்களுக்கும் அந்தத் தவிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தவிப்பைத் தீர்க்கும் கருவியாக வேதாகமத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டீர்கள், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

அந்த இரவில் உங்கள் அம்மா என்ன செய்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு கையில் தம்பி, மறு கையில் அரிசியும் சின்னப் பானையும் இருந்த பை. வேதாகமம் பொலித்தீனில் சுற்றி அந்தப் பையின் அடியில் இருந்தது. நடந்துகொண்டே 23 ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னார். கைதடியில் யாருடைய விறாந்தையில் இடம் கிடைக்கும் என்று வழியெல்லாம் விசாரித்தார். விடிந்ததும் அரிசியை அளந்து மூன்று நாளுக்குப் பிரித்து வைத்தார். சகோதரி, அந்தப் பெண் கடவுளை நம்பினாரா இல்லையா? உங்களைவிட அதிகமாக நாளை பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. தெரியாததைக் கடவுளின் கையில் விட்டார், தெரிந்ததைத் தன் கையால் செய்தார். விசாரித்ததும் அளந்ததும் அவருடைய ஜெபத்துக்கு எதிரானவையாக இருக்கவில்லை.

நீங்கள் இப்போது செய்வது இதற்கு நேர்மாறு. கையால் செய்ய வேண்டியதை, அதாவது யோசிப்பது, விசாரிப்பது, கணவரோடு கதைப்பது எல்லாவற்றையும் கடவுளிடம் தள்ளிவிட்டு, கடவுளிடம் விட வேண்டிய நாளைய நாளை உங்கள் கையில் எடுக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் முன்பள்ளியில் ஒரு பிள்ளை படத்துக்கு நிறம் தீட்டும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் எழும்பி வந்து "சரியா டீச்சர், சரியா டீச்சர்" என்று கேட்டால், அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் மேல் நம்பிக்கை கூடிவிட்டது என்றா நினைப்பீர்கள்? எங்கேயோ பயந்திருக்கிறது என்றுதானே நினைப்பீர்கள். அதை அணைத்து, "நீ தீட்டு, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்பீர்கள். கடவுள் உங்களுக்கு அதைவிடக் கடுமையானவராக இருப்பார் என்று நான் நம்பவில்லை.

உளவளத்துணை செய்பவள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்ததும் ஒரு சின்ன ஆறுதல், கொஞ்ச நேரத்தில் "சரியாகத்தான் திறந்தேனா" என்ற சந்தேகம், மறுபடி திறப்பது, அப்புறம் நாளுக்கு நாள் தடவைகள் கூடுவது: இது பதற்ற நோய்களில் நாங்கள் அடிக்கடி காணும் சுழற்சி. சிலருக்குப் பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாக வரும், சிலருக்குக் கை கழுவுவதாக வரும், பக்தியுள்ளவர்களுக்குப் பக்தியின் உருவத்திலேயே வரும். உங்களுக்கு இன்ன நோய்தான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் குணப்படுத்தக்கூடிய ஒன்றை ஆவிக்குரிய குறைபாடு என்று நினைத்து நீங்கள் வருடக்கணக்கில் அழுதுகொண்டிருக்கக் கூடாது.

வேதத்திலேயே சீட்டுப் போட்டார்களே, கிதியோன் ஆட்டுத்தோலை வைத்து அடையாளம் கேட்டாரே என்று நீங்கள் கேட்கலாம். நீ இஸ்ரவேலை மீட்பாய் என்று கிதியோனுக்குக் கடவுள் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் தோலைப் போட்டது பயத்தில். இரண்டாம் முறை கேட்கும்போது "உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக" என்று தானே சொல்கிறார். கடவுள் அவருடைய பயத்தைப் பொறுத்துக்கொண்டார். அதை எல்லாருக்கும் முறையாக்கவில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு ஆளைத் தெரிந்தெடுத்தபோது சீஷர்கள் சீட்டுப் போட்டது உண்மை. ஆனால் அதற்கு முன் என்ன செய்தார்கள்? இயேசுவோடு ஆரம்பம் முதல் கூட இருந்தவராக இருக்க வேண்டும் என்று தகுதி வகுத்தார்கள், இரண்டு பேரை நிறுத்தினார்கள், ஜெபித்தார்கள். அப்புறம்தான் சீட்டு. பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு அந்தச் சபை சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. கூடிக் கதைத்தார்கள், வாதாடினார்கள், ஜெபித்தார்கள், முடிவெடுத்தார்கள்.

சின்ன விஷயங்களைக் கடவுளிடம் கொண்டுபோவது

இந்த இடத்தில் நான் உங்கள் கணவரோடு முழுக்க உடன்பட மாட்டேன். மீன் வாங்குவதும் கடவுளுக்குப் பொருட்டுத்தான். அடைக்கலான் குருவி ஒன்றுகூடப் பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாது, தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று சொன்ன இயேசு, உங்கள் சந்தைச் செலவைக் கேட்டுச் சலித்துக்கொள்ள மாட்டார். "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை" தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்லித்தான் பவுலும் பிலிப்பியருக்கு எழுதுகிறார். ஆகவே சொல்லுங்கள். மகளின் கணிதப் பரீட்சையையும், சீட்டுக் காசையும், விலை ஏறிய தேங்காயையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

சொன்ன பிறகு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான். வனாந்தரத்தில் வானத்திலிருந்து வந்த மன்னா என்ற உணவு அந்தந்த நாளுக்கு மட்டும் கிடைத்தது, மறுநாளுக்கு என்று எடுத்து வைத்தது புழுப் பிடித்தது என்று ஞாயிறு பாடசாலையிலேயே படித்திருப்பீர்கள். அதே யாத்திராகமம் 16 ஆம் அதிகாரத்தில், ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கச் சொன்னதும் இருக்கிறது. ஓய்வுநாளுக்கு முன்யோசனையோடு சேர்த்ததில் புழு வரவில்லை. நாளைக்காகக் கவலைப்படாதே என்றால் நாளைக்காக யோசிக்காதே என்று பொருளில்லை. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவரும் அதே இயேசுதான்.

நடைமுறையில் இப்படிச் செய்து பாருங்கள். காலையில் வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறக்காமல், ஒரு சுவிசேஷத்தைத் தொடக்கத்திலிருந்து ஒழுங்காக வாசியுங்கள். அன்றைய விஷயங்களைக் கடவுளிடம் சொல்லுங்கள். "எனக்குத் தெரிந்தவரை யோசித்துச் செய்கிறேன், பிழைத்தாலும் நீர் என்னைக் கைவிடமாட்டீர்" என்று முடித்துவிட்டு எழும்புங்கள். பகலில் திறக்கத் தோன்றும்போது கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். முதல் சில நாள் பதற்றம் கூடத்தான் செய்யும். பிறகு தானாக இறங்கும். இறங்காவிட்டால் உதவி எடுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

தீர்க்கதரிசனமும் மகனும்

உங்கள் சுவரில் எரேமியா 29:11 தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளில் தொங்கும் வசனம். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பதைப் பிடித்துக்கொண்டு நாமெல்லாரும் எத்தனை இரவுகளைக் கடந்திருக்கிறோம்! ஆனால் அந்த அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள், முந்திய அதிகாரத்தையும் சேர்த்து. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட சனத்துக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி, இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்னால் அடித்துச் சொன்னார். சனத்துக்கு அது பிடித்திருக்கும். எரேமியாவோ எழுபது வருடம் என்றார். அதுவரை என்ன செய்வது? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனிகளைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள். எதிர்காலம் கடவுளிடம் இருக்கிறது என்ற வாக்கும், இன்றைக்குத் தோட்டம் வை என்ற கட்டளையும் ஒரே கடிதத்தில் வந்தன.

அந்த அக்கா உங்கள்மேல் அன்பில்தான் சொல்லியிருப்பார். அவரைப் பகைக்க வேண்டாம். ஆனால் காலக்கெடு வைத்துச் சொல்லப்பட்ட ஒரு வார்த்தையின் பேரில் குடும்பம் காணியை இழக்கும் நிலைக்குப் போக வேண்டியதில்லை. அது கடவுளிடமிருந்து வந்ததென்றால், நீங்கள் சட்டத்தரணி ஒருவரிடம் போய்க் கேட்டதால் அது கெட்டுப்போகாது. கேள்வி கேட்க விடாமல் அவசரப்படுத்தும் எதையும், யாருடைய வாயிலிருந்து வந்தாலும், நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். போதகரிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆபிரகாமின் வசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழைப்புக் கேட்டுப் புறப்பட்டபோது அவருக்கு 75 வயது. அவரே கேட்டார், அவரே போனார். உங்கள் கதையில் போகப்போவது யார்? மகன். ஆறு பக்கக் கடிதத்தில் அவனுடைய விருப்பம் ஓரிடத்திலும் இல்லை. அவனைப் பற்றி இரண்டு வரிதான்: கோண்டாவிலில் ஒரு மோட்டார் கராஜுக்குப் பழகப் போகிறான், பின்னேரம் கையெல்லாம் கிறீஸோடு வந்து, சோப்புப் போட்டும் போகாத கறுப்போடு சாப்பிட உட்கார்ந்து, அன்றைக்குக் கழற்றிய எஞ்சினைப் பற்றித் தங்கைக்குச் சொல்லிச் சிரிக்கிறான். நீங்கள் அதைக் கவலையாக எழுதியிருக்கிறீர்கள், "இப்படியே போய்விடுவானோ" என்று. எனக்கு அந்த வரிகளை வாசித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. 19 வயதில் பிடித்த வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. நாளாந்த விஷயங்களில் கடவுள் வழிநடத்துகிறார் என்று நம்புகிற நீங்கள், உங்கள் சாப்பாட்டு மேசையில் நடப்பதையும் கொஞ்சம் கணக்கில் எடுங்கள்.

வெளிநாடு போவது பிழை என்று நான் சொல்லவரவில்லை. அங்கே உழைத்து அனுப்பிய காசில் நிமிர்ந்த வீடுகள் நமது ஊர்களில் எத்தனையோ. ஆனால் கையில் தொழில் சான்றிதழோடு, நேர்வழியில் போவது ஒன்று, கடனோடு ஏஜென்சி சொல்லும் வழியில் போவது வேறொன்று. கராஜில் பழகியதையே மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறை நாட்டில் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். கிளிநொச்சியில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலேயே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இரண்டு மூன்று வருடம் கழித்து அவன் போக விரும்பினால், அந்தச் சான்றிதழ் அவனோடு போகும்.

கையெழுத்துக்கு முன்

நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அடிக்கடி காணும் பிழைகளைச் சொல்லாமல் விட முடியாது.

காணி உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து மட்டும் போதும் என்று ஏஜென்சிக்காரர் சொன்னது சரியல்ல. யாழ்ப்பாணத் தமிழருக்கு அவர்களுடைய மரபுவழிச் சட்டமான தேசவழமை பொருந்தும், கிறிஸ்தவர்களானாலும் சரி, சைவர்களானாலும் சரி. அது சார்ந்த 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண்ணின் தனிச் சொத்து அவளுடையதே. ஆனால் காணி, வீடு போன்ற அசையாச் சொத்தை அவள் உயிரோடிருக்கும்போது கைமாற்றுவதற்கோ ஈடு வைப்பதற்கோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். நியாயமில்லாமல் மறுக்கிறார் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். இந்தச் சட்டம் பெண்களுக்கு நியாயமானதா என்பது தனிக் கேள்வி, எனக்கும் அதில் வருத்தம் உண்டு. உங்கள் விஷயத்தில் அது ஒரு நல்லதைச் செய்கிறது: அவருக்குச் சொல்லாமல் இதைச் செய்ய முடியாது. சட்டம் இடம் கொடுத்திருந்தாலும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இருபது வருடம் கூட வாழ்ந்தவருக்கு மறைத்து, கடவுள் சொன்னார் என்று பிறகு சொல்லும்போது, அவருக்கு உங்கள்மேல் மட்டுமல்ல, கடவுள்மேலும் கசப்பு வரும்.

காசு தருபவர் எந்த உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார் என்று பாருங்கள். காணியை அடகு வைக்கும் ஈட்டு உறுதியா, ஒரேயடியாக விற்கும் அறுதி உறுதியா? "அறுதியாக எழுதித் தாருங்கள், காசு கட்டி முடிந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்று வாயால் சொல்லி வாங்குவது இங்கே நடக்கிறது. காணி விஷயத்தில் வாய்ச்சொல்லை வைத்து நீதிமன்றத்தில் மீட்பது பெரும்பாடு. உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதித் தரச் சொன்னாலும் அப்படியே எச்சரிக்கையாக இருங்கள். உறுதி எழுத அவர் கொண்டுவரும் நொத்தாரிசிடம் போகாமல், நீங்களே தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம் உறுதியின் வரைவைக் காட்டி வாசித்து விளங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது விசா. மகனைச் சுற்றுலா விசாவில் அனுப்பி, அங்கே போனதும் வேலை அனுமதி எடுத்துத் தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி உள்ளே இருந்தபடி விண்ணப்பிக்க விட்ட கோவிட் காலத் தற்காலிக ஏற்பாட்டைக் கனடா 2024 ஓகஸ்டில் நிறுத்திவிட்டது. பொய்யான வங்கிக் கணக்கோ வேலைக் கடிதமோ வைத்து விண்ணப்பித்துப் பிடிபட்டால், ஐந்து வருடத்துக்கு அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். அந்தத் தடை விழுவது ஏஜென்சிக்காரர்மேல் இல்லை, உங்கள் மகன்மேல். விசா கொடுப்பது கனடிய அரசாங்கம். "விசா உறுதி" என்று எவராலும் வாக்குத் தர முடியாது. வேலைக்கென்று ஆள் அனுப்புகிறவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். அந்த இலக்கத்தைக் கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தோ, பிரதேச செயலகத்தில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடமோ அது செல்லுபடியாகுமா என்று பார்க்கலாம். கொடுக்கும் காசு எதற்கும் பற்றுச்சீட்டுத் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

குளிசையை நிறுத்தியது

இதைக் கடைசியில் எழுதினாலும் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பிரஷர் உள்ளவர் தானாகக் குளிசையை நிறுத்தினால், உடம்பில் ஒன்றும் தெரியாமலே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். பாரிசவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. நித்திரை இல்லாமையும் பதற்றமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே போங்கள். இரண்டு மாதம் போடவில்லை என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், ஏசினாலும் பரவாயில்லை. பழைய அளவையே வீட்டில் தொடங்காமல், டொக்டர் பார்த்துச் சொல்வதைப் போடுங்கள். கடுமையான தலையிடி, வாய் கோணல், கை கால் விறைப்பு, நெஞ்சு நோ எது வந்தாலும் உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

விசுவாசிக்கு மருந்து எதற்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எசேக்கியா ராஜா சாகும் வியாதியில் அழுது ஜெபித்தபோது, பதினைந்து வருட ஆயுளைக் கூட்டித் தருவதாகக் கடவுள் சொன்னார். அப்படிச் சொன்ன பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணில் வைக்கச் செய்தார். லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றே பவுல் அழைக்கிறார். இவ்வளவு தூரம் ஏன், 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற மிஷன் வைத்தியர், நம்முடைய பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். மானிப்பாயில் அவர் பெயரில் வைத்தியசாலை இன்றும் இருக்கிறது. ஜெபமும் மருந்தும் ஒரே வளவில் இருந்த வரலாறுதான் இந்த மண்ணின் கிறிஸ்தவ வரலாறு.

சரி, கையெழுத்து வைக்கட்டா விடட்டா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் நிலைமையில் வைக்க வேண்டாம் என்பதே என் பதில். முற்பணம் கட்ட ஏஜென்சிக்காரர் கொடுத்த திகதி கடந்து போகட்டும். நல்ல வழி என்றால் திகதி போன பிறகும் இருக்கும்.

முதலில் கிளினிக். அப்புறம் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், இரவில் எழும்பித் திறப்பதையும் சேர்த்து. அவர் கோபிக்கலாம், ஆனால் அவரும் பயந்துபோய் இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிறகு இரண்டு பேருமாக மகனைக் கூட்டிவைத்து, "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை இடையில் வசனம் எதுவும் சொல்லாதீர்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.